பராமரிப்பை எந்த எண்ணால் அளப்பது? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் உள்ள) பட்டறையில் இயந்திரங்களின் ஒட்டுமொத்தத் திறன், அதாவது ஓ.இ.இ., மாதந்தோறும் 92 சதவீதம் என்று வருகிறது. ஆனாலும் குறித்த தேதிக்குச் சரக்கை அனுப்ப முடிவதில்லை. கணக்கு எங்கே தவறுகிறது? (மேற்பார்வையாளர், ஒசூர்)

பதில்: இந்த அளவீட்டைப் பரப்பிய ஜப்பானியரான செய்ச்சி நகஜிமா உயர்ந்த இலக்காகச் சொன்னதே 85 சதவீதம்தான், ஆகவே 92 என்றால் முதலில் கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். 8 மணி நேர ஷிப்டில் இடைவேளை 30 நிமிடம் போக 450 நிமிடம் கையில் இருக்கிறது. அடுத்த வேலைக்கு இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டிங்குக்கு 40 நிமிடமும் பிரேக்டவுனுக்கு 35 நிமிடமும் போனால், இயந்திரம் ஓடியது 375 நிமிடம். ஒரு ஜாப்புக்கு, அதாவது இயந்திரத்தில் செய்யும் ஒரு பாகத்துக்கு, 90 வினாடி என்ற வேகத்தில் 215 ஜாப் வந்து, அவற்றில் 209 தேறியிருந்தால், ஓடிய நேரம் (375/450), வேகம் (322.5/375), தரம் (209/215) ஆகிய மூன்று விகிதங்களையும் பெருக்கி வரும் ஓ.இ.இ. சுமார் 70 சதவீதம். இதே ஷிப்டில் செட்டிங் நேரத்தைத் 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று கழித்துவிட்டு, ஜாப்புக்கு 108 வினாடி என்று தாராளமாக எழுதிக்கொண்டால், விடை 92 ஆகிவிடும்! அப்போது வேகத்துக்கான சதவீதம் மட்டும் 103 என்று வந்து குட்டை உடைத்துவிடும். அது 100ஐத் தாண்டும் பட்டறையில் ஒரு ஜாப்புக்கு ஆகும் சைக்கிள் நேரத்தை ஸ்டாப் வாட்ச் வைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி: ஓ.இ.இ. குறையும் போதெல்லாம் நிர்வாகம் பராமரிப்புப் பிரிவையே கேட்கிறது. இது நியாயமா? (பராமரிப்புப் பொறியாளர், கோவை)

பதில்: நியாயமில்லை. மூலப்பொருள் வராமல் நின்றதும், செட்டிங் இழுத்ததும், வார்ப்பில் ஓட்டை இருந்து ஜாப் கழிந்ததும் அந்த ஒரே எண்ணில்தான் விழுகின்றன. உங்கள் பிரிவுக்கு உரிய அளவுகள் இரண்டு: ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே இயந்திரம் சராசரியாக ஓடிய நேரம், பழுது நீக்கச் சராசரியாக ஆன நேரம். இவ்விரண்டையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். 400 மணி நேரம் ஓடிய ஓர் இயந்திரம் 5 முறை பழுதாகி, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் நின்றது. இன்னொன்று அதே 400 மணி நேரத்தில் 20 முறை பழுதாகி, ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம் நின்றது என்று கொள்வோம். இரண்டுக்கும் கிடைப்புத்தன்மை, அதாவது ஓடிய நேரமும் நின்ற நேரமும் சேர்ந்த மொத்தத்தில் ஓடிய நேரத்தின் பங்கு, 95.2 சதவீதமே. ஆனால் முன்னதற்கு ஸ்பேர் இருப்பையும் பழுது நீக்கும் முறையையும் சீர்செய்ய வேண்டும். பின்னதில் திரும்பத் திரும்ப வரும் ஒரே கோளாறின் வேரைத் தேட வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

கேள்வி: எங்கள் எலக்ட்ரீஷியன்கள் வேகமானவர்கள். இருந்தும் பழுது நீக்கும் நேரம் குறையவில்லையே? (அதே பொறியாளர்)

பதில்: பிரேக்டவுன் சீட்டில் நான்கு நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: இயந்திரம் நின்றது, தகவல் சொன்னது, ஆள் கை வைத்தது, முதல் நல்ல ஜாப் வந்தது. ஸ்பேர் கேட்டு ஸ்டோரில் காத்திருந்த நேரத்தைத் தனியே குறிக்க வேண்டும். ஸ்பானர் பிடித்த நேரத்தைவிட, ஆளுக்கும் சாமானுக்கும் காத்திருந்த நேரமே பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

கேள்வி: நூற்பாலை நடத்துகிறேன். இயந்திரத்தை முழுதும் பிரித்துச் சீர்செய்யும் ஓவராலை இன்னும் அடிக்கடி செய்தால் பழுது குறையுமா? (திண்டுக்கல்)

பதில்: எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்ஸின் பொறியாளர்களான நவ்லன், ஹீப் இருவரும் 1978இல் அளித்த அறிக்கையில், ஆராய்ந்த பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகத் தேயும் இயல்பைக் காட்டின. அந்த விகிதத்தை அப்படியே ஆலைக்குப் பொருத்தக் கூடாது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமில் டிராவலர், ஏப்ரன், ஸ்பிண்டில் டேப் போன்றவை தேய்மானப் பொருள்கள் என்பதால், அவற்றைக் காலக்கெடு வைத்து மாற்றுவதே சரி. நன்றாக ஓடும் பேரிங்கையும் எலக்ட்ரானிக் போர்டையும் தேதி வந்துவிட்டது என்பதற்காகக் கழற்றினால், தவறாகப் பொருத்தியதால் வரும் புதுக் கோளாறுகளே சேரும். பேரிங்குக்கு அதிர்வும் வெப்பமும் பார்த்து முடிவெடுங்கள். கிரீஸும் அளவோடுதான் வேண்டும். அதிகம் திணித்தால் பேரிங் சூடேறும்.

கேள்வி: ஆபரேட்டரே துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்பது வேலையைத் தள்ளிவிடுவது ஆகாதா? (ஆபரேட்டர், ஓரகடம்)

பதில்: அதற்கென்று ஷிப்டில் நேரம் ஒதுக்காவிட்டால் நீங்கள் சொல்வதே சரி. 1971இல் இம்முறைக்காக விருது பெற்ற ஜப்பானின் நிப்பான்டென்சோ நிறுவனத்தில், தானியங்கி இயந்திரங்கள் பெருகிப் பராமரிப்பு ஆட்கள் போதாமற்போனதால்தான் அன்றாடக் கவனிப்பு ஆபரேட்டர்களிடம் வந்தது. துடைக்கும் கைக்குத்தான் தளர்ந்த போல்ட்டும், கசியும் ஹைட்ராலிக் ஹோசும் முதலில் தட்டுப்படும். ஆனால் கண்டதைச் சொன்ன பிறகும் ஒரு வாரம் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

கேள்வி: ஆறு லேத் மட்டுமே உள்ள எங்களுக்கு மென்பொருள் தேவையா? (உரிமையாளர், திருச்சி)

பதில்: இப்போது வேண்டாம். ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐந்து நிமிட நிறுத்தம் உட்பட எல்லாவற்றையும் காரணத்துடன் எழுத வேண்டும். காரணப் பட்டியலில் 'இதர' என்ற தலைப்பை மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் மாதக் கடைசியில் பாதி நிறுத்தங்கள் அதன் கீழ்தான் கிடக்கும்.