இடைவேளையில் எங்கே நிற்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மென்பொருள் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த மாதம் இரண்டு நாள் டெக் மாநாட்டுக்கு அலுவலகத்தில் என்னை மட்டும் அனுப்புகிறார்கள். நாலு பேர் சேர்ந்தாலே வாயை மூடிக்கொள்கிற ஆள் நான். உரைகளைக் கேட்க பயமில்லை. நடுவில் வருகிற இடைவேளையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். உரை நடக்கும்போது எல்லார் கண்ணும் மேடையில் இருக்கும்; உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் திட்டம் போட வேண்டியது இடைவேளைக்கு. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை ஓர் உரை விடாமல் குறித்துக்கொண்டு, இடைவேளையை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். மதியம் தாண்டும்போது தலை கனத்துப்போய், கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாளைக்கு நான்கு உரை போதும். உரைகளை வீடியோவாகப் பிறகு வெளியிடுவார்களா என்று மாநாட்டின் இணையதளத்தில் பாருங்கள். வெளியிடுவார்கள் என்றால் அவற்றைத் தாராளமாக விடலாம். பயிலரங்கையும், ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ள பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் அமர்வையும் விடாதீர்கள். அவை பெரும்பாலும் பதிவாகாது. கூச்சக்காரர்களுக்கு அந்த வட்டம் நல்ல இடம். பேச விஷயம் ஏற்கெனவே இருக்கும், எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மதியத்துக்குப் பிறகு ஓர் அமர்வு நேரத்தை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். அரை மணி நேரம் கட்டடத்தை விட்டே வெளியே போய்விட்டு வாருங்கள். அமைதி அறை என்று தனியாக ஒன்று இருந்தால் அது எங்கே என்று காலையிலேயே பார்த்து வையுங்கள். களைத்த பிறகு தேடினால் கிடைக்காது.

முதல் நாள் அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். பத்துப் பேர் நிற்கிற கூடத்தில் ஒருவரிடம் பேசுவது சுலபம். முந்நூறு பேர் இரைச்சலில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. பேட்ஜ் வாங்கியதும் இரண்டு பக்கமும் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஒற்றைக் கொக்கியில் தொங்குகிற அட்டை சுழன்று சுழன்று வெற்றுப் பக்கத்தைத்தான் காட்டும், அதனால் பின்பக்கமும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் கழுத்துக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டு அட்டையை நெஞ்சுக்கு ஏற்றுங்கள். வயிற்றருகே தொங்கும் பெயரைக் குனிந்து படிக்க எதிராளிக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

சரி, எங்கே நிற்பது? சுவரோரம் வேண்டாம், வாசலும் வேண்டாம். நின்றபடி பயன்படுத்தும் உயரமான மேசைகளில் பாதி காலியாக இருக்கிற ஒன்றின் பக்கம் போங்கள். தனியாக நிற்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். பெரும்பாலும் அவரும் உங்களைப் போலத்தான். கூட்டத்தில் சேர வேண்டுமென்றால் தோள்களைப் பாருங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசினால் அது அவர்கள் சொந்தப் பேச்சு, விட்டுவிடுங்கள். மூன்று நான்கு பேர் நின்று நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தால் அது உங்களுக்கான இடம். இதற்கு 'பேக்மேன் விதி' என்று பெயர். பேக்மேன் என்பது வாயைத் திறந்தபடி ஓடும் மஞ்சள் வட்டம் வருகிற பழைய வீடியோ கேம். நிற்கிற வட்டத்தில் அந்த வாய் போல ஒரு திறப்பை விட்டு நிற்க வேண்டும் என்று மென்பொருள் உருவாக்குநர் எரிக் ஹோல்ஷர் 2017இல் எழுதினார். பல மாநாடுகள் இதைத் தொடக்க அறிவிப்பிலேயே சொல்கின்றன. திறப்பில் போய் நின்று ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். உடனே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

'என்ன செய்கிறீர்கள்?' என்று யாராவது கேட்பார்கள். 'பேக்எண்ட் டெவலப்பர்' (பயனர் கண்ணில் படாத சர்வர் பக்க நிரலை எழுதுகிறவர்) என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி வேண்டும். 'பணம் செலுத்தும் சேவைக்கு பேக்எண்ட் எழுதுகிறேன். நெட்வொர்க் தடுமாறினால் ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்து பணம் இரட்டிப்பாகப் போகிறது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் போடுகிறீர்களா என்று கேட்பார், பேச்சு தானாக ஓடும். இப்படி இரண்டு வாக்கியம் வீட்டிலேயே தயார் செய்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பதிலுக்குக் கேட்க 'எந்த உரையிலிருந்து வருகிறீர்கள்?' போதும். கிளம்பும்போது 'அடுத்த உரைக்கு இடம் பிடிக்கணும், பேசினதில் சந்தோஷம்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: பேச்சாளரிடம் ஒரு சந்தேகம் கேட்க ஆசை. உரை முடிந்ததும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்களே?

பதில்: மேடையருகே முண்டியடிக்க வேண்டாம். அடுத்த பேச்சாளர் லேப்டாப்பை இணைக்க வந்துவிடுவார் என்பதால் அந்தக் கூட்டம் சீக்கிரமே தாழ்வாரத்துக்கு நகரும். அங்கே கடைசி ஆளாக நில்லுங்கள். பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் அவரும் நிதானமாகப் பதில் சொல்வார். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எந்த ஸ்லைடு பற்றியது என்பதையும் குறித்து வைத்திருங்கள். முடியவில்லையா, அன்று இரவே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: பேட்ஜில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். எதற்கு?

பதில்: ஆட்டிசம் உள்ளவர்களின் கூடுகைகளில் பிறந்த பழக்கம் இது. பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு என்றால் இப்போது யாரும் வேண்டாம். நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நாமாகப் போய்ப் பேச்சைத் தொடங்க வராது, யாராவது வந்தால் பேசுவோம் என்பவர்களுக்குப் பச்சை ரொம்பவே உதவும். நாள் முழுக்கச் சிவப்பை ஒட்டிக்கொண்டு, யாரும் பேசவில்லையே என்று வருந்த வேண்டாம்!

கேள்வி: மாலை விருந்துக்குப் போயே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். போவதென்றால் தொடங்கும்போதே போய் முக்கால் மணியில் கிளம்பிவிடுங்கள். இசை சத்தம் ஏறுவது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: தன்னார்வலராகச் சேர்ந்தால் கூச்சம் குறையுமா?

பதில்: கூச்சம் அப்படியே இருக்கும், ஆனால் பேசக் காரணம் கிடைக்கும். எந்த வேலை என்பதைப் பார்த்துக் கேளுங்கள். பதிவு மேசையில் முதல் ஒரு மணி நேரம் மூச்சுவிட முடியாது. முன் வரிசையில் உட்கார்ந்து 10, 5, 1 நிமிட அட்டையைத் தூக்கிக் காட்டுகிற வேலை உங்களுக்குப் பொருந்தும்; பேச்சாளரும் உங்களிடம் தானாகவே வந்து பேசுவார். அலுவலகச் செலவில் போகிறவர்கள் முதலில் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், ஷிஃப்ட் நேரத்தில் சில உரைகள் தவறும். பைத்தான் நிரல்மொழிக்காக அமெரிக்காவில் நடக்கும் பைகான் யுஎஸ் போன்ற மாநாடுகளில் உரை நாட்கள் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதும் 'ஸ்பிரிண்ட்' நாட்களும் உண்டு. வேலையைப் பற்றி மட்டுமே பேச்சு என்பதால் அங்கே சும்மா பேசியாக வேண்டிய தொல்லை இல்லை.

கேள்வி: சந்தித்தவர்களின் தொடர்பை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: லிங்க்ட்இன் க்யூஆர் குறியீட்டை முன்னாடியே படமாகச் சேமித்து வையுங்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே வைஃபையில் தொங்கும்போது செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், இருவரும் போனைப் பார்த்தபடி நிற்க வேண்டிவரும். பிரிந்ததும், அடுத்த ஆளிடம் போவதற்கு முன், ஒரு வரி குறிப்பு எழுதுங்கள்: 'நீலச் சட்டை, கேஷ் மெமரி பிரச்சினை, கட்டுரை அனுப்புவதாகச் சொன்னார்.' மாலையில் முகமும் பெயரும் கலந்துவிடும். இரண்டு நாளுக்குள் அந்த வரியைச் சேர்த்தே செய்தி அனுப்புங்கள். 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று மட்டும் அனுப்பினால் யாரென்று அவருக்கும் தெரியாது. இரண்டு நாளில் மூன்று பேருக்கு அப்படி எழுத முடிந்தால் போதும்.