அம்மா வழியையும் கேளுங்கள்: புராஸ்டேட் புற்றுநோயும் மரபணுவும்

அப்பாவுக்கு 62 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. எனக்கு 41. எனக்கும் வருமா?

வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் தந்தைக்கு இருந்தால் மகனுக்கான ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அண்ணன், தம்பிக்கு இருந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதல். எத்தனை பேருக்கு வந்தது, எந்த வயதில் வந்தது என்பதுதான் முக்கியம். 45 வயதுக்குள் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய். ஆண்பிள்ளை நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்பதே இல்லை. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்வது அதன் வேலை. அதில் கோளாறு இருந்தால் பெண்ணுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும், ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. புராஸ்டேட் சுரப்பியே இல்லாத அம்மாவுக்கு இந்தக் கோளாறு இருந்தால், அவரிடமிருந்து மகனுக்கு அது வந்துசேர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இந்தக் கோளாறு உள்ள ஆண்களுக்கு நோய் இளவயதிலேயே, வேகமாகப் பரவும் வகையாக வரக்கூடும். அதனால் கோளாறு உறுதியானவர்களுக்கு 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. கண்காணிப்பு தேவை. முதலில் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். நோய் வந்தவரிடம் தேடினால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும்.

என் மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இனி பயமில்லையே?

உங்கள் குடும்பத்தில் இன்ன கோளாறு என்று ஏற்கெனவே கண்டறிந்து, அது உங்களிடம் இல்லை என்றால் பெரிய ஆறுதல்தான். அப்படி இல்லாவிட்டால், அந்த முடிவை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆபத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வழக்கமான பரிசோதனை அவற்றையெல்லாம் பார்ப்பதில்லை.

மகனுக்கு 12 வயது. இப்போதே சோதித்துவிடலாமா?

வேண்டாம். வளர்ந்தபின் அவரே முடிவுசெய்யட்டும்.

எனக்கு நோய் எலும்புவரை பரவிவிட்டது. இனி மரபணுவைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும், ஐயா. பரவிய நிலையில் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே வந்த கோளாறு இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. கோளாறு தெரியவந்தால், ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் தங்களைச் சோதித்துக்கொள்ள வழி பிறக்கும். மகள்களையும் மறந்துவிடாதீர்கள்.