விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கும் மீன்கள்

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் 50 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 3,000 குஞ்சு விட்டேன். ஏழு மாதம் ஆகிறது, ஒரு மீன் அரைக் கிலோ தேறும். தண்ணீர் நல்ல கரும்பச்சை. நான்கு நாளாக மழை மூட்டம். விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நேற்று 18 மீன் செத்து மிதந்தன, எல்லாம் பெரிய கட்லா. பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய்விடுகின்றன. நோயா, யாராவது விஷம் கலந்தார்களா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுப் பாசியைக் கொல்லச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இது நோயல்ல, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சுத் திணறுகிறது. மயில்துத்தத்தைத் தொடவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், இன்று ராத்திரி செய்ய வேண்டியதை முதலில் பார்ப்போம். குட்டைத் தண்ணீரையே மோட்டாரால் இழுத்து, குழாய் வாயை உயரத் தூக்கிக் கட்டி, தூறலாகச் சிதறித் திரும்பக் குட்டையிலேயே விழும்படி விடுங்கள். நடுராத்திரியில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை ஓட வேண்டும். உறிஞ்சும் குழாய் அடிச்சேற்றில் படக்கூடாது. போர் தண்ணீர் விடுவதானாலும் இதே போலச் சிதறடித்துத்தான் விட வேண்டும். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் மிகக் குறைவு. தீவனம், சாணம் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். செத்த மீன்களை உடனே எடுத்துப் புதையுங்கள், கிடந்து அழுகினால் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும்.

விஷம் என்று யார் மேலும் சந்தேகப்படாதீர்கள். விஷமாக இருந்தால் விடியற்காலையில் வந்து பத்து மணிக்குப் போகாது. சின்ன மீன் தப்பிக்க, பெரிய மீன் முதலில் சாவதும் மூச்சுத்திணறலின் அடையாளம்.

உங்கள் தண்ணீரின் பச்சை நிறம் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத நுண்பாசியால் வருவது. வெயில் இருக்கும்போது அது தண்ணீரையும் கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. மிஞ்சும் ஆக்சிஜன் தண்ணீரில் கரைகிறது. ஒளிச்சேர்க்கை என்று பள்ளியில் படித்தது இதுதான். அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து உடைத்தால்தான் உயிர் வாழ்வதற்கான சக்தி கிடைக்கும். மீன் செய்வதும் அதைத்தான், அடிச்சேற்றுப் பாக்டீரியா செய்வதும் அதைத்தான், பாசி செய்வதும் அதைத்தான். இந்தச் சுவாசத்துக்குப் பகல் இரவு கிடையாது, 24 மணி நேரமும் நடக்கும். பகலில் பாசி செலவழிப்பதைவிட அதிகமாகத் தயாரிப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பொழுது சாய்ந்ததும் தயாரிப்பு நிற்கும், செலவு நிற்காது.

1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பார்த்தார். வெயிலில் இலையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது, இருட்டில் நின்றது. இருட்டில் செடி காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அவரே எழுதினார். அவர் கண்ணாடிப் பாத்திரத்தில் பார்த்ததைத்தான் நீங்கள் தினமும் குட்டையில் பார்க்கிறீர்கள்.

‘ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்காதே, மரம் கரியமில வாயு விடும்’ என்று ஊரில் சொல்வார்கள். வெட்டவெளியில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வராது, காற்றில் ஆக்சிஜன் அவ்வளவு தாராளம். ஆனால் குட்டையில் கதை வேறு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்வது ஏழரை மில்லிகிராம்தான். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் திணறும், 1-ஐத் தொட்டால் சாவு விழும். உங்களுடையது போன்ற கரும்பச்சைக் குட்டையில் வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு 12-க்கு மேல்கூட இருக்கலாம், மறுநாள் விடியுமுன் 2-க்கு இறங்கிவிடலாம். அதனால் குட்டையைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதானாலும் விடியுமுன் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை எடுங்கள்.

மூட்டம் போட்ட நாளில் பகல் தயாரிப்பே பாதியாகிவிடும். இரவுச் செலவு குறையாது. நான்கு நாள் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைந்த கையிருப்போடு இரவுக்குள் போகிறோம். அதோடு சாயங்காலம் குளிர்ந்த மழை கொட்டினால் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலந்து, ஆக்சிஜன் இல்லாத சேற்றுத் தண்ணீர் மேலே வரும்.

இப்போது மயில்துத்தம். அது பாசியைக் கொல்லும், சரிதான். ஆனால் அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்தால் பகல் தயாரிப்பும் போச்சு. அழுகும் பாசியைத் தின்னும் பாக்டீரியா மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துவிடும். 18 மீனோடு போனது குட்டையோடு போய்விடும். பச்சைத் தண்ணீர் திடீரென்று பழுப்பாகி நாற்றம் அடித்தாலும் இதே ஆபத்துதான். பாசி தானாகவே சாகிறது என்று அர்த்தம், அன்று ராத்திரி தூங்காதீர்கள்.

பாசி வேண்டும், அளவோடு வேண்டும். கையைத் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான பச்சை. அதற்கு வெகு முன்பே மறைந்தால் அதிகம். அப்போது தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்கள், சாணம் பக்கமே போகாதீர்கள். மூட்டம் விலகியபின் தீவனத்தைப் பாதி அளவில் ஆரம்பியுங்கள், அதுவும் ஒன்பது மணிக்கு மேல். தின்றதைச் செரிக்க மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். விடிந்ததும் போட்டால் திணறும் மீனுக்குச் சுமை ஏற்றுவது போல.

கடைசியாக, எண்ணிக்கை. ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இல்லாத 50 சென்ட்டுக்கு 2,000 குஞ்சு தாராளம். நீங்கள் விட்டது ஒன்றரை மடங்கு, இப்போது உள்ளே ஏறக்குறைய ஒன்றரை டன் மீன் மூச்சு விடுகிறது. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்து, விடியற்காலையில் மீன் மேலே வராமல் இருந்தால், பெரியதாகப் பார்த்து ஆயிரம் மீனை அரித்து விற்றுவிடுங்கள். மேலே வரும் நாளில் மட்டும் வலை இறக்க வேண்டாம்.