வளைந்த காலை நிமிர்த்தும் அறுவை: திறப்பதா, மூடுவதா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 54 வயது. மூட்டின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, கால் வில் மாதிரி வளைந்திருக்கிறது. முட்டிக்குக் கீழே எலும்பை வெட்டி நிமிர்த்தலாம் என்கிறார்கள். ஒருவர் ஆப்பு எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் இடைவெளி திறக்கலாம் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: உள்பக்கம் இறங்கும் பாரத்தைத் தேயாத வெளிப்பக்கம் தள்ளிவிடுவது. மூடும் முறையில் வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு எலும்பை மூடுவோம். 1960களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் கவென்ட்ரி பரப்பிய முறை இது. வெட்டிய முகங்கள் நேருக்கு நேர் ஒட்டுவதால் சீக்கிரம் கூடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலா மூட விடாது. அதையும் வெட்டவோ, அதன் மேல்மூட்டைத் தளர்த்தவோ வேண்டும். அதன் கழுத்தைச் சுற்றி ஓடும் பெரோனியல் நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கிப்போகும்.

திறக்கும் முறையில் உள்பக்கம் வெட்டி எலும்பை ஆப்பு வடிவில் விரிப்போம், ஃபிபுலாவைத் தொடுவதில்லை, எவ்வளவு திறப்பது என்பதை அறுவையின் நடுவிலேயே கூட்டிக் குறைக்கலாம். திருகுகள் தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட் வந்தபின் பலர் இதற்கு மாறினார்கள். அப்பா புகைபிடிப்பவரா? அப்படியானால் வெற்று இடைவெளியில் எலும்பு சேரத் தாமதமாகும். நிறுத்த முடியாதவருக்கு மூடும் முறையே என் தேர்வு.

கேள்வி: சார், ஒரு டிகிரி நிமிர்த்த ஒரு மி.மீ. திறக்க வேண்டும் என்ற கணக்கு சரியா? (எலும்பியல் முதுகலை மாணவர்)

பதில்: எலும்பு 56 மி.மீ. அகலம் இருந்தால் சரி. 70 மி.மீ. அகல எலும்பில் 10 மி.மீ. திறந்தால் கிடைப்பது 8 டிகிரிதான். 10 டிகிரி வேண்டுமானால் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். இடுப்பு முதல் கணுக்கால் வரை, நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் வரைந்து பாருங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தை நம்பாதீர்கள். பாரக்கோடு (இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடு வரை போகும் கோடு) மூட்டின் அகலத்தில், உள்விளிம்பிலிருந்து 62 சதவீதத்தில் விழ வேண்டும் என்பது ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிசாவா சொன்ன பழைய இலக்கு. தேய்மானம் லேசாக இருந்தால் அவ்வளவு தள்ள மாட்டேன்.

கேள்வி: உள்பக்கம் எலும்பைத் திறக்கும்போது வெளிப்பக்கம் 'டக்' என்று விரிசல் விடுகிறது. அறுவைக்குப் பிறகு சிலருக்கு முட்டி முழுதாக நீட்டவும் வருவதில்லை. ஏன்?

பதில்: விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். வெட்டை ஃபிபுலா நுனியை நோக்கிக் கொண்டுபோய், வெளிச்சுவருக்கு 1 செ.மீ. முன்பே நிறுத்துங்கள். வெட்டாமல் விட்ட அந்த இடம்தான் கீல், கதவு போல எலும்பு அதில் திரும்பும். உளிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கில் காத்திருந்து திறங்கள். வெட்டு குறைவாக நின்றுவிட்டால் விரிசல் மேலே மூட்டுக்குள்ளேயே ஓடும். கீழ்நோக்கி ஓடினால் கீல் ஆட்டம் கண்டு, எலும்பு கூடாமல் இழுக்கும்.

நீட்ட வராததற்குக் காரணம் வேறு: முன்பக்கம் அதிகம் திறந்துவிட்டது, மூட்டுத்தளம் பின்னால் சரிந்துவிட்டது. முன்பக்க இடைவெளி, பின்பக்கத்து உள்மூலை இடைவெளியில் ஏறத்தாழ பாதிதான் இருக்க வேண்டும். பின்சுவரை முழுதாக வெட்டாமல், உள்பக்கத் தசைநாரைத் தளர்த்தாமல் திறந்தால் பின்பக்கம் இறுகி நிற்க, முன்பக்கம் மட்டும் வாய் பிளக்கும். பின்சுவரை வெட்டும்போது முட்டியை மடக்கி, எலும்புக்குப் பின்னால் திசுவை விலக்கிப் பிடிக்கும் மழுங்கிய ரிட்ராக்டர் வையுங்கள். அங்கேதான் கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்லிடியல் ரத்தக்குழாய் ஓடுகிறது.

கேள்வி: பிற்பாடு மூட்டு மாற்று செய்ய முடியுமா ஐயா?

பதில்: முடியும். மூடும் முறை செய்த காலில் எலும்பின் மேல்பகுதி ஒருபக்கம் நகர்ந்திருக்கும். செயற்கை மூட்டின் தண்டு அதில் இடிக்கலாம். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்.