டிக்கெட் மலிவு, சாப்பாடு தனி: விமானப் பயணிகளின் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் மகளைப் பார்க்க மெல்பர்ன் போகிறோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போகும் ஸ்கூட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தின் டிக்கெட் மலிவாக இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். இருவரும் சைவம். முன்கூட்டியே பணம் கட்டிவிடலாமா, வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சாப்பாட்டுக்கு முன் டிக்கெட் கணக்கையே ஒருமுறை பார்த்துவிடுவோம். இந்த மாதிரி நிறுவனங்கள் முதலில் காட்டும் கட்டணத்தில் கையில் எடுத்துப் போகும் பை மட்டும்தான் அடங்கும். பெட்டி, பிடித்த இருக்கை, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். போக வர உங்களுக்கு நான்கு விமானங்கள், இரண்டு பேர். விமானத்துக்கு ஆளுக்கு ஒன்று என்று வைத்தாலே எட்டுச் சாப்பாடு. அதையும் பெட்டிக் கட்டணத்தையும் கூட்டிவிட்டு, திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக மெல்பர்ன் போகும் ஸ்ரீலங்கன் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் என்றால், இந்த வயதில் மலிவு டிக்கெட்டின் பின்னால் ஓட வேண்டியதில்லை என்பேன்.

பெரிய வித்தியாசம் என்றால் ஸ்கூட்டிலேயே போங்கள், ஆனால் எட்டுச் சாப்பாடும் தேவையில்லை. திருச்சி - சிங்கப்பூர் பயணம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாப்பிட்டுவிட்டு ஏறினால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்வரை தாங்கும். சிங்கப்பூர் - மெல்பர்ன்தான் நீளம், ஏழரை மணி நேரம்போல. அந்தப் பயணத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். போக வர நான்கு, அவ்வளவுதான்.

மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். முன்பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் தள்ளுவண்டி விற்பனைக்கு வரும். அதில் ஏற்றுவது குறைவு, சைவம் அதிலும் குறைவு. தீர்ந்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட்தான். கப் நூடுல்ஸ் இருந்தாலும் அது சைவமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல நிறுவனங்கள் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டு முன்பதிவை மூடிவிடும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு முடித்துவிடுவது நல்லது. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டாக இருந்தாலும், டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சேர்க்கலாம். ஒரு விமானத்துக்குச் சொன்ன சாப்பாடு அடுத்த விமானத்துக்குத் தானாக வராது, ஒவ்வொன்றிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். மனம் மாறினால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டுச்சோறு? வெளிச் சாப்பாட்டை விமானத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று பல மலிவுக் கட்டண நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. ஏர்ஏசியா இதை வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணம் என்றால் விடுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டர் சீட்டைக் கையில் வைத்திருங்கள். இரண்டு இட்லியைப் பிரித்ததற்காக யாரும் இறக்கிவிடப் போவதில்லைதான். ஆனால் விதி அவர்கள் பக்கம், வாதாடி ஜெயிக்க முடியாது. குழையப் பிசைந்த தயிர்சாதம் அதற்கு முன்பே, பாதுகாப்புச் சோதனையில் திரவங்களுக்கான 100 மில்லி விதியில் மாட்டிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் மெல்பர்னில் காத்திருக்கிறது. மிச்சம் வைத்த சாப்பாட்டை விமானத்திலேயே விட்டுவிடுங்கள், பைக்குள் போடாதீர்கள். 2022இல் பாலியிலிருந்து டார்வினில் இறங்கிய ஒரு பயணி, முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மஃபின்களையும் ஒரு ஹாம் குரோசான்டையும் அறிவிக்காமல் பையில் வைத்திருந்ததற்காக 2,664 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டினார். விமானத்திலேயே வாங்கியதாக இருந்தாலும் உணவு உணவுதான், வருகைப் படிவத்தில் எழுதியாக வேண்டும். மகளுக்கு என்று பால்கோவா கட்டிவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து போகும் பால் இனிப்புகளை அங்கே அனுமதிப்பதில்லை.

தண்ணீர்? அதுவும் விலைக்குத்தான் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட் புறப்படும் சாங்கி முதல் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை விமான வாசலில்தான் நடக்கும். முன்பே நிரப்பிய பாட்டிலை அங்கே காலி செய்யச் சொல்வார்கள். காலி பாட்டிலோடு உள்ளே போய், குழாய் இருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். விமானத்தில் சாப்பாட்டை விற்பது இன்று வந்த பழக்கமும் இல்லை. 1977இல் லண்டன் - நியூயார்க் இடையே பறந்த லேக்கர் நிறுவனத்தின் ஸ்கைட்ரெயின் என்ற மலிவு விமானச் சேவையிலேயே சாப்பாட்டுக்குத் தனிக் காசுதான்.

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். "எங்களுடையது மலிவுக் கட்டணம், சாப்பாடு கிடையாது" என்று கவுன்டரில் கையை விரித்துவிட்டார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. விமானத்துக்குள் சாப்பாடு விற்பது அவர்கள் வியாபாரம். தாமதத்தின்போது தரையில் தர வேண்டியது அதிலிருந்து வேறு. இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, நேரத்துக்கு வந்து செக்-இன் செய்த பயணிக்கு, இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையான பயணத்தில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் சாப்பாடும் சிற்றுண்டியும் இலவசமாகத் தர வேண்டும். டிக்கெட் என்ன விலை என்று அந்த விதி கேட்பதில்லை. ஆனால் காரணம் வானிலை போல அவர்கள் கைமீறியது என்றால் நழுவ இடமுண்டு. அதனால் தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், குறுஞ்செய்தியாக வந்தாலும் போதும். உணவு வாங்கிய ரசீது, போர்டிங் பாஸ் இரண்டையும் படம் எடுத்து முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள்.

கேள்வி: விமானத்தில் கார்டு போட்டுச் சாப்பாடு வாங்கினேன். ரசீதில் இருந்ததைவிட அதிகமாகக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. ஏமாற்றா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் கார்டு போட்டால் வங்கி தன் பங்காகச் சில சதவீதம் சேர்க்கும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு. மெஷின் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும். ஊரில் இருக்கும்போதே ரூபாயில் முன்பதிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். இன்னொன்று, 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். கிளம்புமுன் வங்கி ஆப்பில் போட்டுக்கொள்ளுங்கள், மேலே போனபின் அதைச் செய்ய நெட் இல்லாமல் போகலாம்.