கத்தரிப் பூவின் நீளமும் குட்டையும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கத்தரிச் செடியில் சில பூக்களின் சூலகத்தண்டு மஞ்சள் மகரந்தப்பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, சிலவற்றில் உள்ளேயே மறைந்திருக்கிறது. மறைந்தவை காய்க்காமல் உதிர்கின்றன. பல்லுருத்தன்மை என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி, ஆனால் இதைப் பல்லுருத்தன்மை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஓரினத்து உயிர்கள் ஒரே இடத்தில் வாழும்போதே, பரம்பரையாக வரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தெளிவான வடிவங்களாகப் பிரிந்திருப்பதைத்தான் உயிரியலார் பொதுவாக அப்பெயரால் குறிக்கின்றனர். கத்தரியிலோ ஒரே செடி, ஏன், ஒரே கொத்துகூட, இரு வகைப் பூக்களையும் தருகிறது.

உண்மையான பல்லுருத்தன்மைக்குப் புகழ்பெற்ற சான்று ஐரோப்பாவில் இளவேனிலில் பூக்கும் பிரிமுலா. அதில் ஒரு செடியின் பூக்கள் யாவும் ஒரே வகையாகவே இருக்கும். ஒரு வகையில் சூலகத்தண்டின் நுனியான சூலகமுடி பூக்குழலின் வாயிலும் மகரந்தப்பைகள் குழலின் நடுவிலும் அமைந்திருக்க, மற்றதில் இவை அப்படியே இடம் மாறியிருக்கும். தேனுக்காக நுழையும் பூச்சியின் உறிஞ்சுகுழலில் எந்த உயரத்தில் மகரந்தம் ஒட்டுகிறதோ, அதே உயரத்தில் சூலகமுடி உள்ள மற்ற வகைப் பூவிலேயே அது பெரும்பாலும் சேர்கிறது என்றும், ஒரே வகைக்குள் கலப்பு நேர்ந்தால் விதை குறைகிறது என்றும் சார்லஸ் டார்வின் 1862-இல் எழுதினார். குட்டைத்தண்டு வகையில் மட்டும் உள்ள ஒரு மரபணுத் தொகுதியே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது 2016-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. குரோமோசோம் இணையில் ஒன்றில் மட்டுமே அத்தொகுதி இருப்பதால், இரு வகைகளும் கலக்கும்போது சந்ததி ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிகிறது.

நம்மூரில் பப்பாளியைச் சொல்லலாம். அதன் பால் வேறுபாடும் மரபுவழி வருவதே. கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அறிய முடியாததால்தான், குழிக்கு இரண்டு மூன்று கன்றுகளை நட்டு, பூத்த பின் உபரி ஆண் மரங்களை அகற்றுகிறார்கள்.

கத்தரிக்கு வருவோம். கொத்தின் அடியில் முதலில் மலரும் பூ பெரும்பாலும் நெடுந்தண்டுப் பூ. காய் பிடிப்பதும் அதுவே. பின்வருபவற்றில் பல, சூற்பை வளர்ச்சி குன்றி, மகரந்தம் தருவதோடு நின்றுவிடுகின்றன. ஆகவே குட்டைத்தண்டுப் பூக்கள் உதிர்வது நோயன்று. அவற்றைக் கிள்ளவும் வேண்டியதில்லை. நெடுந்தண்டுப் பூக்களும் சேர்ந்து கொட்டினால் மட்டும் கடும் வெயில், நீர், உரம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.