குண்டுவீச்சு விமானங்களில் பறந்த நம் முன்னோர்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் பணியாற்றிய உறவினர்களைப் பற்றிக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்துள்ள கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் அப்புச்சி 1942இல் விமானப்படையில் சேர்ந்து, பர்மா எல்லையில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார் என்று அம்மிச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீருடை அணிந்த ஒரு புகைப்படமும் டிரங்குப் பெட்டியில் சில காகிதங்களும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: டெல்லிக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதுவதற்கு முன் அந்தப் பெட்டியை முழுமையாகப் பாருங்கள். நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அவருடைய படை எண். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், சம்பளப் புத்தகம், பழைய கடிதங்களின் அனுப்புநர் முகவரி ஆகியவற்றில் எங்கேனும் அது இருக்கும். ஒரே பெயரில் பலர் இருந்த படையில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியது அந்த எண் ஒன்றுதான்.

அடுத்து புகைப்படம். இடது மார்பில், சட்டைப்பைக்கு மேல், இருபுறமும் விரிந்த சிறகு இருந்தால் அவர் விமானி. ஒற்றைச் சிறகும் அதன் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்தும் இருந்தால் குழுவில் வேறு பொறுப்பில் இருந்தவர்: 'என்' என்றால் வழிகாட்டும் நேவிகேட்டர், 'பி' என்றால் குறிபார்த்துக் குண்டை விடுவிப்பவர், 'ஏஜி' என்றால் துப்பாக்கி வீரர். சிறகே இல்லாமல் மேற்கையில் இரண்டு அலகுகள் கொண்ட விமான விசிறிச் (புரொப்பெல்லர்) சின்னம் மட்டும் இருந்தால், அவர் லீடிங் ஏர்கிராஃப்ட்மேன் என்ற நிலையில் இருந்தவர்; பெரும்பாலும் தரையில் பணிபுரிந்திருப்பார். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டால், பிறகு செய்யும் தேடலில் பாதி வேலை மிச்சமாகும்.

இனி, அவர் எந்த விமானத்தில் பறந்திருக்கக்கூடும் என்பது. 1942 தொடக்கத்தில் மஜும்தார் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), படைக்கு உதவியாகப் பறக்கும் லைசாண்டர் விமானங்களில் குண்டுகளைப் பொருத்தி, பர்மாவின் டாங்கூவிலிருந்து தாக்குதல் நடத்தியது. குண்டுவீச்சுக்கென்றே அமைந்த விமானங்கள் பெருமளவில் இந்தியர்களின் கைக்கு வந்தது வெஞ்சன்ஸ் என்ற செங்குத்துப் பாய்ச்சல் விமானம் வழியாகத்தான். அவற்றில் 8ஆம் ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரிலிருந்து பர்மாவின் அரக்கான் முனையிலும், 7ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் சில்சாருக்கு அருகிலுள்ள கும்பிர்கிராமிலிருந்து இம்பால், கோஹிமா பகுதிகளுக்கும் சென்றுவந்தன. இந்த விமானத்தில் முன்னே விமானி, பின்னே வழிகாட்டலையும் வானொலியையும் துப்பாக்கியையும் கவனிப்பவர் என இரண்டே பேர். 1944 முடிவதற்குள் இரண்டு ஸ்குவாட்ரன்களும் போர்விமானங்களுக்கு மாறிவிட்டன.

குடும்ப நினைவில் 'நாலு எஞ்சின் விமானம்' என்ற சொல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. போர்க்காலத்தில் வங்காளத்தின் சல்பானி, டிக்ரி தளங்களிலிருந்து பறந்த லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பிரிட்டிஷ் ராயல் விமானப்படைக்குச் சொந்தமானவை. இந்திய விமானப்படைக்கென லிபரேட்டர்கள் வந்தது விடுதலைக்குப் பிறகுதான். கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் சீர்செய்து தர, 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. அவை 1968 வரை பறந்தன. உங்கள் அப்புச்சி 1948க்குப் பிறகும் படையில் நீடித்திருந்தால், பர்மாப் போரும் பிற்காலத்து லிபரேட்டரும் அம்மிச்சியின் சொல்லில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. காலவரிசையைத்தான் நாம் பிரித்தெடுக்க வேண்டும்.

எண் கிடைத்தபின், நெருங்கிய உறவினர் என்ற சான்றுடன் புதுடெல்லி சுப்ரதோ பார்க்கிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். அவரோ அம்மிச்சியோ அங்கு உதவித்தொகைக்குப் பதிந்திருந்தால், அந்தக் கோப்பில் எண்ணும் பிரிவும் இருக்கும்.

கேள்வி: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் என் பெரிய தாத்தாவின் பெயரை இட்டுத் தேடினேன். அதே பெயரில் ஏராளமானோர் வருகிறார்கள். ஈரோடு மாவட்டம் என்று ஒருவருக்கும் இல்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1917இல் நிறுவப்பட்ட அந்த ஆணையம் பதிவுசெய்திருப்பது இறந்தவர்களை மட்டுமே. இரண்டாம் உலகப்போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தோரை. உயிருடன் ஊர் திரும்பி, ஐம்பதுகளில் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் பெயர் அங்கே இருக்காது. உங்கள் பெரிய தாத்தா போரில் இறந்தவர்தான் என்றால், மாவட்டத்தின் பெயரை மாற்றித் தேடுங்கள். ஈரோடு தனி மாவட்டமானது 1979இல், திருப்பூர் 2009இல். போர்க்காலத்தில் ஈரோடு, கோபி, பவானி, தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகியவற்றைச் சேர்ந்தோர் சேலம் மாவட்டத்தார் எனவும், கரூரைச் சேர்ந்தோர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார் எனவும் பதிவாகியிருப்பார்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. பழனிசாமி, சென்னியப்பன், குழந்தைவேலு போன்ற பெயர்களை ஐந்தாறு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும். கவுண்டர், செட்டியார் போன்ற பின்னொட்டோ தந்தையின் பெயரோ குடும்பப் பெயருக்கான இடத்தில் அமர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே பெயரை முழுதாக இடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டு, படை என்ற இடத்தில் இந்திய விமானப்படையைத் தேர்ந்து, வரும் பதிவுகளில் தந்தை பெயரையும் ஊரையும் ஒப்பிடுங்கள். 'ராயல்' என்ற அடைமொழி அப்படைக்கு 1945 மார்ச்சில்தான் வந்தது. பட்டியலில் இரு வடிவங்களும் காணப்படலாம்.

கேள்வி: தாத்தா குண்டுவீச்சு விமானக் குழுவில் இருந்தார் என்றே ஊரில் பேச்சு. இப்போது கிடைத்த சான்றிதழில் அவர் ஆர்மரர் என்று இருக்கிறது. பறந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. குலவரலாற்று மலரில் என்ன எழுதுவது? (வாசகி, சூலூர்)

பதில்: ஆர்மரர் என்றே எழுதுங்கள். குண்டுகளுக்கு வெடிமுனை பொருத்தி, விமானத்தின் வயிற்றில் ஏற்றி, துப்பாக்கித் தோட்டாப் பட்டைகளைச் சரிபார்த்து அனுப்பியவர் அவர். அந்த வேலையில் கை தவறினால் விமானம் தரையிலிருந்து கிளம்புமுன்பே எல்லாம் முடிந்துவிடும். போர் முடிந்தபோது இந்திய விமானப்படையில் சுமார் 28,500 பேர் இருந்தார்கள். அவர்களில் அதிகாரிகள் ஏறத்தாழ 1,600 பேர் மட்டுமே. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஃபிட்டர், ரிக்கர், ஆர்மரர், எலக்ட்ரீஷியன், வானொலிப் பணியாளர் முதலியோர். 'விமானப்படைக்காரர்' என்பது ஊர்ப்பேச்சில் 'விமானத்தில் பறந்தவர்' ஆனது இயல்புதான். ஆனால் அச்சில் ஏறும் மலரில் அந்தப் பேச்சை அப்படியே விட்டால், நாளை பேரன் பேத்திகள் பறந்தோர் பட்டியலில் தேடி, பெயர் இல்லாததைக் கண்டு அவர் படையிலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

நீங்கள் சூலூரிலிருந்து எழுதுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரின் இறுதிக் கட்டத்தில் சூலூர் விமானத்தளம் 'வைரி' என்ற பெயரிலும், கோவையிலிருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளம் 'கருடா' என்ற பெயரிலும் பிரிட்டிஷ் கடற்படையிடம் இருந்தன. நிலத்திலுள்ள தளங்களுக்கும் கப்பல்போலப் பெயரிடுவது அப்படையின் வழக்கம். அங்கு வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளர்களை விமானப்படை ஆவணங்களில் தேடிப் பயனில்லை.

கேள்வி: என் ஆத்தாவின் அண்ணன் 1944இல் பறந்து போனவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை, நாளும் தெரியாததால் மகாளய அமாவாசையன்று பவானி கூடுதுறையில் தர்ப்பணம் கொடுத்து வருகிறோம். நாளையும் இடத்தையும் இனி அறிய முடியுமா? (வாசகர், பவானி)

பதில்: நாள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. திரும்பாத விமானத்தின் குழுவினரை முதலில் 'காணவில்லை' என்று அறிவித்து, வழக்கமாக ஆறு மாதங்கள் வரை செய்தி எதுவும் வராவிட்டால் இறந்ததாகக் கொள்வார்கள். ஆவணத்தில் இறந்த நாளாக நிற்பது பெரும்பாலும் விமானம் திரும்பாமற்போன நாள். தென்னாசிய, தென்கிழக்காசிய வான்பரப்பில் மறைந்து, கல்லறை இல்லாத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவகத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. ஆணையத்தின் பட்டியலில் தேடினால் எந்தத் தூண் என்பதும் தெரியும். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து காணாமற்போனோருக்கு லண்டனை அடுத்த ரன்னிமீடில் இதுபோன்ற நினைவகம் உண்டு.

இடத்தை அறிய ஸ்குவாட்ரனின் செயற்பாட்டுப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் எண், குழுவினர் பெயர், புறப்பட்ட நேரம், இலக்கு ஆகியவற்றை அதில் எழுதினார்கள். திரும்பாத விமானத்துக்கு நேரே இறங்கிய நேரத்துக்கான இடம் வெறுமையாக இருக்கும். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. இந்திய ஸ்குவாட்ரன்கள் குறித்து டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவைக் கேட்கலாம்.

திதி பார்க்கும்போது ஒரு நுட்பம் உண்டு. இரவுப் பறப்பென்றால் ஒரு நாள் மாலை கிளம்பி மறுநாள் விடியுமுன் திரும்ப வேண்டியிருந்திருக்கும். ஆவணம் அவ்விரண்டில் ஏதோ ஒரு நாளைத்தான் சொல்லும். புறப்பட்ட நேரத்தையும் கண்டறிந்து, 1944 ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் என்றால் சுபானு வருடத்துப் பஞ்சாங்கத்தையும் பின் என்றால் தாரண வருடத்துப் பஞ்சாங்கத்தையும் வைத்து உங்கள் புரோகிதரிடம் கேளுங்கள். திதி தெரிந்தபின்னும் மகாளயத்தை விட வேண்டியதில்லை என்றே அவரும் சொல்வார்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூத்தவர் பர்மா முனையில் விமானப்படையில் இருந்தார். அவருடைய பங்காளி ஒருவர் மலாயா தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. இருவரையும் ஒரே நினைவுப் பலகையில் எழுதலாமா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு. (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பது எம் கருத்து. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதையில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். மலாயாத் தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அதே பாதையின் பாலங்களைத்தான் வங்காளத்திலிருந்து சென்ற லிபரேட்டர்கள் பின்னர் குண்டுவீசித் தகர்த்தன. பழுதுபார்க்க அப்போதும் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். விமானத்தில் இருந்தவரின் பெயரை எண், நாள், தூண் வரை தேடி எடுக்க முடிகிறது; கீழே இருந்தவருக்கு அப்படி ஒரு பதிவேடே இல்லை. ஆகவே உங்கள் பலகைதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்றாக இருக்கக்கூடும். தோட்டத்தின் பெயரையும் கப்பலேறிய ஆண்டையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

விமானப்படையில் ஒருவரும் 1942 ஆகஸ்ட் 26 அன்று சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்த 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஒருவருமாக இருந்த குடும்பங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தாத்தாவின் லாக் புக் (பறப்புப் பதிவேடு) கிடைத்திருக்கிறது. தாள்கள் உடைகின்றன. லேமினேட் செய்யலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். ஒருமுறை லேமினேட் செய்த தாளைப் பிறகு பிரிக்க முடியாது. சூட்டில் மையும் மங்கலாம். அமிலமற்ற தாள்களுக்கிடையே வைத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, குறைந்தது இரண்டு உறவினர் வீடுகளில் படி இருக்கும்படி செய்யுங்கள். படியை வண்ணத்திலேயே எடுக்க வேண்டும்: இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவது அக்கால வழக்கம், கறுப்பு வெள்ளைப் படியில் எது இரவு, எது பகல் என்று தெரியாமல் போய்விடும்.